பண்ணை மணி

குணசேகரன் தன் உத்தியோகத்தைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார். "மணி பாத்துத் தெறந்தேன், மணி பாத்து அடைச்சேன்." பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, கல்லணைக் கால்வாயிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்காலின் தலைப்பில் நின்று மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவதுதான் வேலை. முப்பத்தேழு வருஷம் அதைச் செய்தார். இப்போது எழுபத்திரண்டு வயது. மனைவி இறந்துவிட்டாள். மகள் திருச்சியில் இருக்கிறாள். அவர் ஒரத்தநாட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்.

அந்த ஒரு வரியில் பொய் என்று எதையும் பிடிக்க முடியாது. அதனால்தான் அது அவருக்கு இவ்வளவு காலம் உழைத்தது.

தண்ணீர் தாராளமாக வருகிற வருஷங்களில் லஸ்கரை யாரும் நினைப்பதில்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்து முறைப்பாசனம் என்று அறிவித்துவிட்டால், வாய்க்கால் நெடுக அவர் பெயர்தான். தலைப்பில் இரண்டு ஷட்டர்கள் இருந்தன. ஒன்று பக்கத்திலேயே இருக்கும் மேல்மடை வயல்களுக்கு. மற்றது ஆறு மைல் ஓடிக் கடைமடைக்கு. காலை ஆறு மணிக்குக் கடைமடை ஷட்டரைத் திறக்க வேண்டும், மாலை ஆறு மணிக்கு அடைத்துவிட்டு மேல்மடைக்குத் திருப்ப வேண்டும். இவ்வளவுதான் முறை. ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

யாருடைய ஆறு மணி என்பதில்தான் தகராறு வந்தது. ஆளுக்கொரு நேரம் சொல்லி, மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்டு, இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு பஞ்சாயத்து கூடியது. ஒரே வாட்ச்தான் கணக்கு என்று முடிவாயிற்று. அந்த வாட்ச் நாகேஸ்வரனுடையது. மேல்மடை நிலத்தில் பாதி அவர் குடும்பத்து மிராசு. ஊர் அவரைப் பண்ணை என்றே கூப்பிட்டது. வெளிநாட்டு வாட்ச், எஃகு உடம்பு, வெண்ணெய் நிற முகம், தினம் சாவி கொடுக்க வேண்டியது. அது காட்டிய நேரத்துக்கு ஊர் வைத்த பெயர் 'பண்ணை மணி'. கல்யாண வீட்டில்கூட, "முகூர்த்தத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கு, பண்ணை மணியைக் கேளு" என்பார்கள். சொந்தமாக வாட்ச் கட்டியிருந்தவர்கள் மதகுக்கு வந்தால் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

முறைக் காலத்தில் பண்ணை மணி காலையில் இருபது நிமிஷம் பின்தங்கியது. மாலையில் இருபது நிமிஷம் முந்தியது. வாட்ச்சுக்கு அப்படி ஒரு வியாதி கிடையாது. பாலத்துக்கு வரும் வழியில் புளியமரத்தடியில் நாகேஸ்வரன் ஒரு கணம் நிற்பார். முதுகைக் காட்டிக்கொண்டு, வலது கை இரண்டு விரல்களை இடது மணிக்கட்டுக்குக் கொண்டுபோவார். சாவி கொடுப்பதற்கு வாட்ச்சின் பக்கவாட்டுத் திருகை வெளியே இழுக்க வேண்டியதில்லை, இருந்த இடத்திலேயே திருகலாம். முள்ளை நகர்த்த வேண்டுமானால்தான் வெளியே இழுக்க வேண்டும். அவர் தினம் இரண்டு வேளை இழுத்தார். இரண்டு மூன்று முறைக் காலங்களில் திருகு தேய்ந்து வழுக்க ஆரம்பித்தது. பட்டுக்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்து, வேறு ஏதோ பெரிய வாட்ச்சின் திருகைப் பொருத்தி வாங்கிக்கொண்டார். அந்தச் சின்ன வாட்ச்சின் இடுப்பில் அது இலந்தைக் கொட்டை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது.

இதையெல்லாம் பார்க்கிற இடத்தில் நின்ற ஒரே ஆள் குணசேகரன்.

நாற்பது நிமிஷம் பெரிய திருட்டாகத் தோன்றாது. தண்ணீர் போகிற விதம் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அளவு தெரியும். காய்ந்த வாய்க்கால் முதலில் தானே குடிக்கும். ஆறு மைல் மண் நனைந்து, வழியிலுள்ள வயல்கள் எடுத்தது போக, கடைசி வயலுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரத் தண்ணீர். அந்த ஒரு மணியில் போனதுதான் அந்த நாற்பது நிமிஷம். கடைசி வயல் குணசேகரனின் அக்கா தையல்நாயகியுடையது.

எண்பத்திரண்டாம் வருஷம் மார்கழி மாதம். சம்பா பால் பிடிக்கிற நேரம். அக்காவின் புருஷன் உத்திராபதி, பள்ளிக்கூட வாத்தியாரிடம் கடனாக ஒரு வாட்ச்சை வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆறு மைல் சைக்கிள் மிதித்து மாலையில் மதகுக்கு வந்தார். பாலத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நாகேஸ்வரன் கையைத் தூக்கிப் பார்த்து, "ஆறாச்சுப்பா, அடை" என்றார்.

"இன்னும் ஆறு ஆகலைங்க பண்ணை" என்றார் உத்திராபதி. "அஞ்சே முக்கால்கூட ஆகலை."

"யார் வாட்ச் அது?"

"வாத்தியாரோடதுங்க."

"அவர் பள்ளிக்கூடத்துக்கே பதினோரு மணிக்குத்தானேப்பா வர்றார். அவர் வாட்ச் பின்ன எப்படிக் காட்டும்?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைமடைக்காரர்களும் சிரித்தார்கள். நாகேஸ்வரன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் ஒருவேளை விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். குணசேகரன் பக்கம் திரும்பி, சாதாரணமாக, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது போலக் கேட்டார்.

"நீ சொல்லு லஸ்கர். எது மணி?"

"பண்ணை மணிதாங்க."

"மாப்ள" என்றார் உத்திராபதி. "வாட்ச்ச வுடு. பொழுதப் பாரு. இன்னும் தென்னை மட்டைக்கு மேல நிக்குது. கண்ணால பாரு."

குணசேகரன் பொழுதைப் பார்க்கவில்லை. குனிந்து ஷட்டர் சாவியைத் திருகினார்.

காரணம் இருந்தது. அப்போது அவர் வேலை தற்காலிகம். நாகேஸ்வரன் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போய்விடக்கூடியது. கட்டியவள் அப்போது கர்ப்பமாக இருந்தாள். மனிதர்கள் செய்கிற பெரும்பாலான காரியங்களுக்கு இந்த அளவுக்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. காரணம் ஒரு செயலைப் புரியவைக்கும். அதற்கு மேல் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் கடைசி வயல் பதராகப் போயிற்று. அறுத்தால் கூலிக்கு ஆகாது என்று மாட்டை விட்டு மேய்த்தார்கள். உத்திராபதி நிலத்தை விற்றுவிட்டுப் பட்டுக்கோட்டைக்குப் போய், ஒரு கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிற வேலையில் சேர்ந்தார். கடைசிவரை அங்கேதான். மச்சினன் வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை. "ஒந் தம்பி என் வயலக் கொன்னவன்" என்று பெண்டாட்டியிடம் சொல்வார்.

தையல்நாயகி விடமாட்டாள். "அவங்கிட்ட வாட்ச்சு ஏது? அவுக காட்டுனத நம்பி அடைச்சான். ஏமாந்தவனப் போயி திருடன்னா எப்புடி?"

இது அவளாகக் கற்பனை செய்தது அல்ல. வயல் காய்ந்த வாரம் அவள் தம்பியிடம் வந்து நேராகக் கேட்டாள். குணசேகரன் சொன்னார்: "எங்கிட்ட வாட்ச்சா இருக்கு? பண்ணை காட்டுனத நம்பினேன்க்கா." வாழ்நாளில் அவர் வாய்விட்டுச் சொன்ன முழுப் பொய் அது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் பாதி உண்மைகளை வைத்தே சமாளித்தார். அந்த ஒரு பொய்யை நம்பி அக்கா நாற்பது வருஷம் புருஷனோடு சண்டை போட்டாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தனியாக பஸ் ஏறித் தம்பி வீட்டுக்கு வந்தாள். ஊரில் கடைமடைக்காரர்கள் ஒருவரும் அவரை மதிக்கவில்லை. அக்கா ஒருத்திதான் அவரை யோக்கியன் என்று சொன்னாள். அது அவருக்குப் போதுமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் உத்திராபதி இறந்தார். நாகேஸ்வரன் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். புளியமரத்தடி விஷயம் தெரிந்தவர் என்று குணசேகரன் மட்டும் மிஞ்சினார்.

போன ஆடியில் ஒரு கார் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. இறங்கிய பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நாகேஸ்வரனின் பேத்தி ஸ்ம்ருதி. பெங்களூரில் நண்பர்களோடு சேர்ந்து வாட்ச் கம்பெனி நடத்துகிறாள். பழைய வாட்ச்சுகளின் அமைப்பில் புது வாட்ச்சுகள் செய்கிறார்கள். இப்போது அதற்குத்தான் மதிப்பாம்.

"ஐயா, நீங்கதானே எங்க தாத்தாகூட மதகுல இருந்தது?" என்றாள். அந்த வீட்டிலிருந்து ஒருவர் அவரை ஐயா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே இரண்டு வாட்ச்சுகள். ஒன்று நாகேஸ்வரனுடையது, நின்றுபோனது. அவள் அப்பாவின் பீரோவில் கிடந்ததாம். மற்றது புதியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பெரியம்மா மகளும் சித்தி மகளும் மாதிரி இருந்தன. அதே வெண்ணெய் நிற முகம். அதே குவிந்த கண்ணாடி. இருட்டில் மின்னுவதற்காக முள்ளில் பூசிய பச்சை காலத்தால் பழுப்பேறுமே, அந்தப் பழுப்பையும் புதிதாகவே பூசியிருந்தார்கள். எண்களுக்குக் கீழே சின்னதாக, தமிழில், 'முறை' என்று இருந்தது.

"இது புதுசாம்மா, பழசா?"

"புதுசுதான் ஐயா. பழசு மாதிரி பண்ணியிருக்கோம்."

"பழசையே ரிப்பேர் பண்ணிக் கட்டிக்கலாமே?"

அவள் சிரித்தாள். "அது ஒருத்தர்தானே கட்டிக்க முடியும்? இது ஐந்நூறு பேர் கட்டிப்பாங்க."

அவர் புதியதைக் கையில் வாங்கினார். பக்கவாட்டில் விரல் பட்டது. இலந்தைக் கொட்டை. அதே திருகு, அதே அளவு.

"அதுதான் ஐயா எங்க வாட்ச்சோட அடையாளமே" என்றாள் ஸ்ம்ருதி. "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. தாத்தா ஈரக் கையோட வயல்லேர்ந்து வந்து சாவி கொடுப்பார், சின்னத் திருகு வழுக்கும், அதனால பெருசா போட்டுண்டார்னு அப்பா சொல்வார்."

"பண்ணை வயல்ல எறங்கினதில்லம்மா" என்றார் குணசேகரன். வாய் தவறித்தான் வந்தது.

"வரப்புலயாவது நின்னிருப்பாரே" என்றாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவள் பொய் சொல்கிற பெண்ணாகத் தெரியவில்லை. அவளுக்குச் சொல்லப்பட்டதை நம்பினாள், அவ்வளவுதான். அந்த வகையில் அவள் குணசேகரனைவிட மேல்.

மதகுக்குப் போனார்கள். பாலத்தின் மேல் அவரை நிற்கவைத்து, கையில் பழைய வாட்ச்சைக் கொடுத்து, கேமராக்காரர் படம் எடுத்தார். ஸ்ம்ருதி கேட்டாள், அவர் பதில் சொன்னார்.

"இதைப் பாத்துத்தானே ஐயா தண்ணி திறப்பீங்க?"

"ஆமாம்மா. இதப் பாத்துத்தான்."

"அடைக்கறதும்?"

"அடைக்கறதும் இதப் பாத்துத்தான்."

"இந்தத் திருகைப் பத்தி ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அவர் தலை குனிந்து திருகைத் தடவினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அன்று உத்திராபதி நின்ற இடத்தில் குடைக்காரன் ஒருவன், குணசேகரன் முகத்தில் வெயில் படாமல் வெள்ளைக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"பழசு தேஞ்சுபோச்சும்மா. இழுத்து இழுத்துத் தேஞ்சுது."

"தினம் தவறாம சாவி கொடுத்திருக்கார்!"

அவர் மறுக்கவில்லை. சாவி கொடுக்க இழுக்க வேண்டியதில்லை என்பது வாட்ச் செய்கிற பெண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் நல்ல கதை ஒன்று கையில் இருக்கும்போது யாரும் கையிலிருக்கும் சாமானைப் பார்ப்பதில்லை. ஒரு பொருள் பழையது என்பதற்கு அது பட்ட அடிதான் அத்தாட்சி. அந்த அடியைத் தனியாக எடுத்து, வலியைக் கழித்துவிட்டு, புதிய எஃகில் ஐந்நூறு முறை அச்சிடுகிறார்கள். தழும்பு இருக்கிறது. யாரும் எதையும் பட்டிருக்கத் தேவையில்லை.

போகும்போது அவருக்கு ஒரு வாட்ச்சைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் வாங்கிக்கொண்டார். நாலைந்து நாள் கட்டவும் செய்தார். நன்றாகவே ஓடியது. ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை.

ஆவணியில் வீடியோ வந்தது. மகள் திருச்சியிலிருந்து அனுப்பினாள். ஒன்றரை நிமிஷம். நாதஸ்வரம், நுங்கும் நுரையுமாகத் தண்ணீர், பாலத்தின் மேல் குணசேகரன். "ஆமாம்மா, இதப் பாத்துத்தான்" என்று அவர் குரல். பிறகு அவர் தலை குனிந்து திருகைத் தடவுகிற இடம், அதன் மேல் ஒரு பெண்ணின் குரல்: "முப்பத்தேழு வருடங்கள். ஒரு நிமிடம்கூடத் தவறியதில்லை. கடைசி வயல் வரைக்கும் அவரவர் தண்ணீர் அவரவருக்கு." அவர் வாயடைத்து நின்ற நேரத்தைத்தான் அந்த வார்த்தைகளால் நிரப்பியிருந்தார்கள். பார்க்கிற எவருக்கும் அது ஒரு யோக்கியனின் அடக்கம் என்றே தோன்றும்.

அடுத்த நாள் காலை அக்கா போன் செய்தாள். எழுபத்தாறு வயதில் அவள் இவ்வளவு உரக்கப் பேசி அவர் கேட்டதில்லை.

"தம்பி, எம் புள்ள பரிதி காட்டுனாண்டா! தெருவுல அத்தனை பேருக்கும் காட்டிட்டேன். கொப்பரைக் களத்துல இருக்கானுவளே, ஒம் மச்சான் பேச்சக் கேட்டு ஒன்னைய ஏசுனவனுவ, அவனுவள வீட்டுக்குக் கூப்புட்டுக் காட்டுனேன். பண்ணை வீட்டுப் பொண்ணே சொல்லிட்டா, ஒரு நிமிசம் தவறலன்னு. இனிமே எவன் பேசுவான்?"

"சரிக்கா."

"அந்த மனுசன் இருந்து பாக்காமப் போச்சே. சாவுற வரைக்கும் ஒன்னையத் திருடன்னுட்டே போனாரு. போட்டோவுக்கு முன்னாடி போன வச்சுக் காட்டுனேன். பாத்துக்குங்க, இப்பவாச்சும் புத்தி வரட்டும்னு."

குணசேகரன் போனை வைத்தார். நாற்பது வருஷமாக அவர் ஆசைப்பட்டது இதுதான், ஊர் வாயை அடைப்பது. அது கிடைத்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் செத்துப்போனவரை, அவர் போட்டோவுக்கு முன்னால், அவர் பெண்டாட்டி கையாலேயே பொய்யர் ஆக்கியாகிவிட்டது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இதைப் பெரிய மனசாட்சி என்று நான் புகழமாட்டேன். நாற்பது வருஷம் தூங்கிய மனசாட்சிக்கு அதிகம் மரியாதை செய்ய முடியாது. இருந்தாலும் மறுநாள் காலை அவர் வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் பட்டுக்கோட்டை பஸ் ஏறினார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அக்கா வீட்டில் பலகாரம் செய்து வைத்திருந்தாள். மகன் இளம்பரிதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வாடா. வாட்ச்சு எங்க? கட்டிட்டு வருவன்னுல்ல பாத்தேன்?"

"அக்கா, ஒக்காரு."

"ஏன், ஒடம்புக்கு என்ன?"

"பண்ணை வாட்ச்சு தப்பு காட்டுச்சுக்கா."

"அதான் ஊருக்கே தெரியுமே. நீ ஏமாந்துட்ட."

"ஏமாறல. எனக்குத் தெரியும். புளியமரத்துக்கிட்ட நின்னு முள்ள மாத்துவாரு. நான் பாத்திருக்கேன். அதுக்குத்தான் அந்தப் பெரிய திருகு."

அக்கா உட்கார்ந்தாள். அவள் முகத்தில் முதலில் கோபம் இல்லை, கணக்குப் புரியாத பிள்ளையின் முகம் மாதிரிதான் இருந்தது. கேட்டாள்.

"எவ்ளோ நேரம் மாத்துவாரு?"

"காலைல இருவது நிமிசம். சாயங்காலம் இருவது. அந்த மார்கழில மட்டும் சாயங்காலம் இருவத்தஞ்சு வரைக்கும் போச்சு."

"ஒங்கிட்டத்தான் வாட்ச்சு இல்லையே. எப்புடித் தெரியும்?"

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஒப்புக்கொள்ள வந்தவர், எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில் சொன்னார்.

"மன்னார்குடி பஸ் ஒண்ணு காலையிலயும் சாயங்காலமும் ஆறு மணிக்குப் பாலம் தாண்டும்க்கா. காலைல அது போனதும் எண்ண ஆரம்பிப்பேன். பண்ணை தெறன்னு சொல்ற வரைக்கும் எண்ணுவேன். சாயங்காலம் அடைச்சப்பறம் பஸ்ஸு வர்ற வரைக்கும் எண்ணுவேன். அறுவது அறுவதா விரல மடக்கி."

"தெனமுமா?"

"தெனமும்."

வெளியே கொப்பரை காயப்போடுகிற சத்தம் கேட்டது. இளம்பரிதி செருப்பில் ஒரு கால் நுழைத்தபடியே நின்றான்.

"எண்ணிக்கிட்டா நின்ன" என்றாள் அக்கா.

குணசேகரன் மடக்கிய விரல்களை விரித்தார்.

"பயந்துட்டன்னு சொல்லியிருந்தா வுட்டிருப்பேன். பயம் எல்லாருக்கும் உண்டு. நீ எண்ணியிருக்க. வயல்ல எவ்ளோ தண்ணி கொறையுதுன்னு எனக்குத் தெரியறதுக்கு முந்தி ஒனக்குத் தெரிஞ்சிருக்கு." அவள் குரல் உயரவில்லை. "நான் அந்த மனுசனுக்குச் சோத்தப் போட்டுட்டு எதுர ஒக்காந்து பொய்யன்னு சொன்னேன். ஒரு நாளா ரெண்டு நாளா. முந்தாநேத்துகூடச் சொன்னேன்."

"அக்கா..."

அவள் எழுந்தாள். பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளிருந்தே மகனிடம் சொன்னாள்.

"பரிதி, இவர பஸ் ஏத்தி வுட்டுட்டு வேலைக்குப் போ."

மாமா என்று சொல்லாததால், அம்மா யாரைச் சொல்கிறாள் என்று புரியாமல் இளம்பரிதி ஒரு கணம் வாசலைப் பார்த்தான், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று. குணசேகரனுக்குப் புரிந்துவிட்டது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் வண்டிச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் தெருவில் இறங்கி நின்றார்.